திருச்சி – கொழும்பு, ஐம்பத்தைந்து நிமிடம்

1

"அப்பா, உங்கட வீட்டுக்கு எத்தனை மணித்தியாலம்?"

போன வாரம் சமையலறை மேசையில் இருந்தபடி என் மகள் ஜெனி கேட்டாள். அவளுக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒப்படை. தாய் தகப்பன் வேறு நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் அந்த ஊரைப் பற்றி ஒரு பெரிய தாளில் எழுதி ஒட்டவேண்டும். நாங்கள் இருப்பது நோர்வேயின் வடக்கில், துரொம்சோ நகரத்தில். இங்கே நான் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், வரி கட்டுகிறேன், வாசலில் பனி வழிக்கிறேன். ஆனாலும் ஜெனிக்கு இது "எங்கட வீடு", மன்னார் "உங்கட வீடு". முந்தித் திருத்திப் பார்த்தேன். இப்போது விட்டுவிட்டேன்.

மன்னாருக்கு விமானம் போகாது என்றேன். அவள் கொழும்பு என்று தட்டினாள். எட்டாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பறக்கும் நேரம் பதின்மூன்று மணித்தியாலம் என்று வந்தது. அவள் தாளில் பதின்மூன்று என்று பச்சை நிறத்தில் எழுதினாள்.

"இல்லைப் பிள்ளை, ஒண்டரை நாள் எடுக்கும்" என்றேன். ஒஸ்லோவில் காத்திருக்கவேண்டும், வளைகுடா நாட்டில் இன்னொரு விமானத்துக்குக் காத்திருக்கவேண்டும், கட்டுநாயக்காவில் இறங்கினால் மன்னார்த் தீவிலுள்ள எங்கள் ஓலைத்தொடுவாய்க்கு வான் வண்டியில் இன்னும் ஏழு மணித்தியாலம்.

"அது காத்திருக்கிறது அப்பா. அதை ஆரும் கணக்கெடுக்கிறேல்லை" என்றாள். அரைவாசி நோர்வேயிய மொழி, அரைவாசி தமிழ். தாளைச் சுருட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

வெளியே பகல் ஒரு மணிக்கே இருட்டு. நவம்பர் கடைசியில் போகும் சூரியன் இங்கே சனவரி நடுப்பகுதியில்தான் திரும்பி வரும். வேலைக்குப் போக இரண்டு மணித்தியாலம் இருந்தது. அவள் விட்டுப்போன கணினியில் சும்மா இருந்து திருச்சி என்றும் கொழும்பு என்றும் தட்டினேன். நானூற்றிச் சொச்சம் கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம் என்றது. கூடவே வரைபடத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு மண்டபத்துக்கு மேலாலேயே போகிறது என்பதை அன்றைக்குத்தான் வடிவாகக் கவனித்தேன்.

2

மண்டபம் இராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கம், கடலோரம். அங்கேதான் அகதி முகாம். என் அக்கா பிலோமினா அந்த முகாமில் இருபத்திரண்டு வருடம் இருந்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டபோது எங்கள் கரையில் இருந்தவர்கள் கிடைத்த வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, அக்காவைக் கட்டிய சேவியர் அத்தான், நான். அப்பா அதற்கு முந்தியே இறந்துவிட்டார். அக்காவுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்குப் பதினேழு வயது. அந்த வயதுப் பொடியன்கள் எந்தப் பக்கத்தின் கையில் அகப்பட்டாலும் கதை முடிந்தது என்று பெரியவர்கள் பயந்த காலம்.

வள்ளத்தில் இனி ஒரு ஆளுக்குத்தான் இடம் என்று வள்ளக்காரர் சொன்னார். அம்மாவும் அக்காவும் முன்பக்கம் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே ஏற்கெனவே இருந்தார்கள். அத்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு காலை விளிம்பில் வைத்துவிட்டார். நான் அழுதேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது, "அத்தான், என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ" என்று சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதேன். அவர் காலை எடுத்தார். என் கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்கி உள்ளே போட்டார். "நாளைக்கு அடுத்த வள்ளத்தில வாறன். மண்டபத்தில சந்திப்பம்" என்றார்.

அடுத்த நாள் வள்ளம் வெளிக்கிட்டது என்பது உறுதி, கரையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அது போய்ச் சேரவில்லை. அதில் ஏறியவர்கள் ஒருவரைப் பற்றியும் செய்தி இல்லை, உடலும் ஒதுங்கவில்லை.

நான் அழுத கதையை அக்காவுக்கு நான் சொல்லவே இல்லை. படங்குக்குள் இருந்தவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். இரண்டு வருடத்தில் ஒரு முகவரைப் பிடித்து வெளிநாடு வந்து சேர்ந்தேன். தூரம் கூடக்கூடச் சொல்லாமல் இருப்பதும் சுகமாக இருந்தது.

3

அம்மா முகாமிலேயே காலமாகிவிட்டா. அக்கா மீன் கருவாட்டுக் கம்பனி ஒன்றுக்குத் தரம்பிரிக்கப் போய்வந்தாள். வேறு நல்ல முகாமுக்கு மாற்றுகிறோம், உள்நாட்டில், நல்ல வீடு என்று அதிகாரிகள் மூன்று தரம் கேட்டார்கள். மூன்று தரமும் மறுத்துவிட்டாள். காரணத்தை எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "மண்டபத்தில எண்டுதானே சொன்னவர். அவர் வந்து இஞ்ச தேட, நான் வேற இடத்தில நிண்டா?"

அழுது புலம்பும் ஆள் இல்லை அவள். கணக்காகப் பேசுவாள். ஆனால் நவம்பரில் மரித்தோர் திருநாளுக்கு முகாம் கோயிலில் பங்குச் சுவாமியாரிடம் பெயர்ப் பட்டியல் கொடுக்கிறபோது அப்பாவின் பெயரைக் கொடுப்பாள், அம்மாவின் பெயரைக் கொடுப்பாள், அத்தானின் பெயரைக் கொடுக்கமாட்டாள். செபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து இருக்கும், ஒவ்வொரு பத்தின் முடிவிலும் இறந்தவர்களுக்காக நித்திய இளைப்பாற்றி என்ற செபம் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அதிலும் அவர் பெயர் வராது.

போர் முடிந்து மூன்றாம் வருடம் ஊரிலிருந்து அத்தானின் தம்பி கடிதம் போட்டார். மீள்குடியேறியவர்களுக்கு வீடு கொடுக்கிறார்கள், அண்ணனின் காணியும் பட்டியலில் வரும், ஆனால் உரித்தான ஆள் நேரில் வந்து நிற்கவேண்டும், இல்லாவிட்டால் காணி கைவிட்டுப் போனாலும் போகும் என்று எழுதியிருந்தார்.

அக்கா ஒரு கிழமை யோசித்தாள். பிறகு எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"காணி போனா அவர் வந்து எங்க இருக்கிறது? நான் போறன்" என்றாள். அடுத்த கேள்வி: "பிளேன் எத்தனை மணித்தியாலம்?"

திரும்பிப் போகிறவர்களைத் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் அனுப்பினார்கள். ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு என்றேன்.

"வள்ளத்தில பதினொரு செபமாலை போனது" என்றாள்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் கரைப் பெண்களுக்குத் தூரம் என்பது செபமாலைக் கணக்கு. பேசாலைச் சந்தைக்கு நடக்க இத்தனை செபமாலை, பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ஸில் இத்தனை என்று சொல்வார்கள். ஆறுதலாகச் சொன்னால் ஒரு செபமாலைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். வள்ளத்தில் வந்தபோதும் அம்மா தொடங்க மற்றப் பெண்கள் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அக்கா எண்ணி வைத்திருக்கிறாள்.

"அப்ப கடலுக்கு மேல இரண்டு செபமாலை வடிவாச் சொல்லலாம்" என்றாள் அக்கா. "இத்தனை வருசமாக் கரையில நிண்டுதான் அவருக்குச் சொன்னனான். அந்தக் கடலுக்கு மேல ஒருக்காச் சொல்லவேணும். நீயும் வா."

ஓம் என்றேன்.

4

என்னிடம் இருப்பது நோர்வேக் கடவுச்சீட்டு. அதனால் பிறந்த ஊருக்கு அக்காவைக் கூட்டிப்போக எனக்கு இரண்டு நாட்டு விசா வேண்டியிருந்தது. அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு தாள், ஒருதரம் மட்டும் பயணம் செய்ய. அந்தத் தாளை எடுப்பதற்குள் விண்ணப்பம் மூன்று தரம் திரும்பி வந்ததாம். கணவர் என்ற கட்டத்துக்குள் உயிருடன் இருக்கிறார், இறந்துவிட்டார் என்று இரண்டு சதுரம். அக்கா இரண்டையும் வெறுமையாக விட்டிருக்கிறாள். நாலாம் தரம் யாரோ ஓர் எழுத்தர் தாங்கமுடியாமல் "தனியாகப் பயணிக்கிறார்" என்று பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டார்.

திருச்சியில் ஆட்டோக்காரர் என் பேச்சைக் கேட்டு, "சாருக்குக் கேரளாவா?" என்றார். ஆமாம் என்றேன். உண்மையைச் சொன்னால் கதை நீளும்.

விமான நிலையத்தில் அக்காவைக் கண்டபோது கழுத்தில் பெயரட்டை தொங்கியது, திரும்பிப் போகிறவர்கள் எல்லாருக்கும் போட்ட அட்டை. "வாங்க தம்பி" என்றவள் உடனே நாக்கைக் கடித்து, "வா தம்பி" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவளுடைய பேச்சும் கொஞ்சம் இராமநாதபுரம் பக்கம் சாய்ந்திருந்தது. கையில் அம்மாவின் மரமணிச் செபமாலை.

இடது பக்கத்து யன்னல் கதிரையைக் கேட்டு வாங்கி அவளை இருத்தினேன். விமானம் கிளம்பும்போது கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்து, "கடல் வந்ததோ?" என்றாள். இல்லை, இது காவேரி. கொஞ்சத்தில் மறுபடி, "இப்ப?" இல்லை, இது வயல். இருபது நிமிடம் தரைதான். பக்கத்தில் இருந்தவர்கள் சாண்ட்விச் சாப்பிட்டார்கள்.

அப்போதுதான் எங்கள் இருவரின் பிழையும் எனக்கு விளங்கியது. வள்ளத்தில் ஏறினவளுக்குப் பயணம் என்றால் கரையிலிருந்து கரைவரை எல்லாம் கடல். நான் ஐம்பத்தைந்து நிமிடம் என்றபோது அவள் அவ்வளவையும் கடல் என்று எடுத்துக்கொண்டாள். நானும் கடல் எவ்வளவு என்று யோசித்துப் பார்க்கவில்லை.

கீழே பாலம் தெரிந்தது, ரயில் பாலம், கோடு போட்டது மாதிரி. அதற்கு இந்தப் பக்கம் முகாமின் ஓட்டுக் கூரை வரிசைகள் இருக்கவேண்டும். அந்த உயரத்தில் ஒன்றையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அக்கா நெற்றியை யன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அவ்வளவு காலம் காத்திருந்த இடம் ஒரு நிமிடத்துக்குள் இறக்கைக்குக் கீழே போய்விட்டது.

"அக்கா, கடல்" என்றேன்.

சிலுவை போட்டுத் தொடங்கினாள். நான் கோயிலுக்குப் போவதை விட்டுப் பல காலம். ஆனாலும் வாய் தானாக அசைந்தது. தூரத்தில் மணல் திட்டுகள் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் மங்கலாக எங்கள் தீவு. முதல் பத்து முடிந்தது, இரண்டாவது முடிந்தது. ஒவ்வொரு முடிவிலும் அப்பா, அம்மாவின் பெயர் சொல்லி இளைப்பாற்றி கேட்டாள். அத்தானுக்காக அதற்கு முன்பே, பெயர் சொல்லாமல், வேண்டிவிடுவாள், அவர் நல்லபடி வந்து சேரவேண்டும் என்று.

நாலாவது பத்து முடிகிறபோது விமானம் சரிந்தது. தென்னை மரங்கள் தெரிந்தன. பணிப்பெண் யன்னல் மறைப்பைத் திறக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இது எங்க?"

"புத்தளம் தாண்டி இருக்கவேணும் அக்கா. தரை வந்திட்டுது."

அவள் நிறுத்திவிட்டாள். ஒரு மணியை விரலுக்கிடையில் இறுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கடையில் நிறை குறைவாக வாங்கிவிட்ட ஆள் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. "ஒரு பத்து கிடக்கு" என்றாள்.

5

கட்டுநாயக்காவில் வரிசை. குடிவரவு அதிகாரி ஒரு நடுவயதுக்காரர், கொஞ்சம் தமிழ் தெரிந்தது. கையெழுத்து வைக்கச் சொன்னார். அக்கா செபமாலையை என்னிடம் நீட்டினாள். "இந்த மணியை விடாதை" என்றாள். நான் அந்த மணியைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஹஸ்பண்ட்?" என்று அதிகாரி கேட்டார்.

"வருவார்" என்றாள் அக்கா.

அந்த மனிதர் எட்டி, அவளுக்குப் பின்னால் வரிசையில் பார்த்தார். அங்கே ஒரு கிழவரும் இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள். அவர் ஒன்றும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார். அதற்காக அவரை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

வான் வண்டியில் ஏறியதும் அக்கா கழுத்து அட்டையின் நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள். நான் பிடித்திருந்த மணிக்குப் பக்கத்தில் அதை முடிந்தாள். பிறகுதான் என் விரலை எடுக்கவிட்டாள். மதவாச்சி தாண்டி வீதியோரச் சோதனைச் சாவடி ஒன்றில் இறக்கிப் பெயர் பதிந்தார்கள். தீவுக்குள் போகும் தள்ளாடிப் பாலத்துக்கு வந்தபோது இரண்டு பக்கமும் தண்ணீர், உப்பு மணம். "மணம் மாறேல்லை" என்றாள். எனக்கு அது தொழிற்சாலை மணமாகவே பட்டது. சொல்லவில்லை.

6

அத்தானின் காணியில் இரண்டு சுவரும் ஒரு கிணறும் மிஞ்சியிருந்தன. அடுத்த நாள் காலை கிராம அலுவலரின் கந்தோருக்குப் போனோம். சின்ன வயது அலுவலர், கதிரை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். வீட்டுக்கான படிவத்தை அவரே நிரப்பினார். ஒரு இடத்தில் பேனை நின்றது.

"அக்கா, காணி அண்ணையின்ர பேரில கிடக்கு. இதில ஏதாவது ஒண்டு போடத்தான் வேணும். இருக்கிறாரோ, செத்துப்போனாரோ? வெறுமையா விட்டா மேல இருந்து திருப்பிப்போடுவினம். நாளைக்குப் பின்னேரம் பட்டியல் போகுது."

அக்கா அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி வந்தால் இருக்க வீடு வேண்டும் என்று வந்தவள் அவள். அவர் வரமாட்டார் என்று எழுதினால்தான் வீடு. "நாளைக்குக் காலமை வாறன் தம்பி" என்று எழும்பிவிட்டாள்.

மறுநாள் ஏழு மணிக்கெல்லாம் கடற்கரைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன, வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அன்றைக்கு ஏறிய இடம் அதுதான். அக்கா மணலில் உட்கார்ந்து நூல் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். உப்புக் காற்றில் அது இறுகிப்போயிருந்தது.

அவள் தொடங்குவதற்கு முன் சொல்லிவிடவேண்டும் என்று எனக்கு இருந்தது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து சொல்ல முடியாததை இரண்டு முழ தூரத்தில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, அண்டைக்கு அத்தான் ஏறத்தான் வந்தவர். காலையும் தூக்கி வச்சிட்டார். நான் அழுதபடியாத்தான் அவர் இறங்கி என்னை ஏத்தினவர். என்னாலதான்."

அவள் நிமிரவில்லை. முடிச்சை நகத்தால் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"அவர் ஏற வந்தவரில்லை. என்ர பையை வைக்க வந்தவர்" என்றாள். "நீ அழ முந்தியே நான் சொல்லிப்போட்டன். இடம் காணாட்டித் தம்பியை ஏத்துங்கோ, நீங்கள் நாளைக்கு வாங்கோ எண்டு. கரையில வச்சே சொல்லிப்போட்டன்."

நூலின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக் கொடுத்தேன்.

"நான் வாங்கோ எண்டு சொன்ன மனிசன்" என்றாள் அக்கா. "அவர் வரமாட்டார் எண்டு நானே எப்பிடித் தம்பி சொல்லுறது?"

முடிச்சு அவிழ்ந்தது. நூலை மணலில் போட்டுவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு ஐந்தாம் பத்தைத் தொடங்கினாள். நான் பாதி சொன்னேன், அவள் பாதி சொன்னாள், வீட்டில் சின்ன வயதில் சொன்ன மாதிரி. பக்கத்தில் மீன் விலை பேசுகிற சத்தம். பத்தாவது மணியும் முடிந்தது.

அக்கா செபமாலையை மடியில் வைத்தாள். பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னாள், அம்மாவின் பெயரைச் சொன்னாள். "சேவியர்" என்றாள். புருசன் பெயரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். நித்திய இளைப்பாற்றியைத் தொடங்கினாள், நடுவில் குரல் நின்றது. மிச்சத்தை நான் சொன்னேன். மறந்துபோயிற்று என்று நினைத்திருந்தேன், ஒரு சொல்லும் தவறவில்லை.

அவள் மூக்கைச் சீறித் துடைத்துக்கொண்டு, சேலை மணலைத் தட்டி எழும்பினாள்.

"கந்தோர் திறந்திருக்கும், வா" என்றாள். "அந்தக் கட்டத்தை நீ நிரப்பு."